பிளேஸ்டேஷன் ஹோம் மூடப்பட்டுவிட்டது

தம்பி, “பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்று வாங்கினால் போதும், ஹோமுக்குள் சந்தித்து அங்கிருந்தே சேர்ந்து கேம் தொடங்கலாம், ஒருவரிடம் டிஸ்க் இருந்தால் சரி” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. ஹோம் என்பது பிளேஸ்டேஷன் 3இல் ஆட்கள் உருவங்களாக உலாவிச் சந்தித்த இணைய உலகம்; சோனி 2015 மார்ச் 31 அன்றே அதை மூடிவிட்டது. எல்லாம் அவர்களின் சேர்வரில் ஓடியது, கன்சோல் மட்டும் கையில் இருந்து பயனில்லை. ஹோமை நம்பி யாரும் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

அது இருந்த காலத்திலும் ஒரு டிஸ்க் போதாது. எல்லோரும் தங்கள் உருவங்களோடு ஓரிடத்தில் கூடி நிற்பார்கள், ஒருவர் அழைப்பார், மற்றவர்கள் சேர்ந்ததும் வார்ஹாக் போன்ற கேம் ஒன்றாகத் திறக்கும். ஆனால் ஒவ்வொருவரிடமும் அந்த கேம் இருக்க வேண்டும்.

ஹோம் பொதுமக்களுக்குத் திறந்த 2008 டிசம்பரில் வன்னிச் சனம் இடம்பெயர்ந்து கொண்டிருந்தது. ஹோமைப் பார்க்கக் கிடைக்காத பிள்ளைகளின் ஆசை எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இருக்கும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாட வேண்டுமென்றால், பிளேஸ்டேஷன் 4 பாருங்கள். பார்ட்டி, அதாவது சேர்ந்து பேசும் குழு, அமைத்துப் பேசச் சந்தா தேவையில்லை. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கும் தேவையில்லை, இன்டர்நெட் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும்.