நடைபாதையை அளப்பதும் தொழிற்பயிற்சியே

மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி என்றாலே, நான்கு சுவருக்குள் அமர்ந்து செய்யும் வேலை ஒன்றைக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் வழங்குவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சான்றிதழுடன் நேர்காணலுக்குப் புறப்பட்ட இளைஞர், சாய்தளம் இல்லாத நடைபாதையின் முன் சக்கர நாற்காலியில் திகைத்துக் காத்திருக்க நேர்ந்தால், கற்ற தொழில் எதுவும் அவருக்கு உதவாது. அவரை மறிக்கும் அந்த நடைபாதையையே பயிற்சிக்களமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சாய்தளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளமாவது வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. 15 செ.மீ. உயரமுள்ள விளிம்புக்கு 180 செ.மீ. நீளம் தேவை, 90 செ.மீ.யிலேயே முடித்துவிட்டால் சரிவு இரு மடங்காகி, ஏறும்போது நாற்காலி பின்புறம் கவிழக்கூடும். "இங்கே ஏற முடியவில்லை" என்று அதுவரை மனு எழுதிவந்தவர், சரிவைக் காட்டும் ரசமட்டமும் அளவுநாடாவும் கொண்டு அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் குறித்து, "நீளம் 90 செ.மீ. குறைகிறது" என்று எழுதத் தொடங்கும்போது, அவருடைய மனக்குறை ஆதாரமாகிறது, கையிலும் ஒரு தொழில் வந்து சேர்கிறது. கள அளவீடு, தரவுப் பதிவு, அறிக்கை எழுதுதல், அதிகாரிகள் முன் தயங்காமல் பேசுதல் ஆகிய எல்லாமே வேறு இடங்களில் சம்பளம் கொடுத்து வாங்கப்படும் திறன்கள்தாம்.

பார்வையற்றோர் காலாலும் கோலாலும் உணர்ந்து நடப்பதற்காக நடைபாதையில் பதிக்கும் தொட்டுணர் ஓடுகளை ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கினார். 1967இல் ஒகாயாமாவில் அவை முதன்முதலில் பதிக்கப்பட்டன. நீள்வரிகள் வழியைக் காட்டும், புள்ளிகள் எச்சரிக்கும். அந்த வரிசை ஒரு மின்கம்பத்தில் போய் முட்டுவதை, வெள்ளைக்கோலுடன் நடந்து பார்ப்பவரே முதலில் கண்டுபிடிப்பார்.

2006இல் நிறைவேறிய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு அணுகல் வசதியையும், 27ஆம் பிரிவு வேலை உரிமையையும் பேசுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் இத்தகைய பயிற்சியின் தேவை விளங்கும்.

ஆனால் ஒரு கவலை எனக்கு உண்டு. இதைச் "சேவை" என்று சொல்லி, அந்த இளைஞர்களின் உழைப்பை இலவசமாகப் பெற்றுக்கொள்ளக் கூடாது. பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் வேண்டும். அவர்கள் செய்த ஆய்வு பணி அனுபவமாகச் சான்றளிக்கப்பட வேண்டும். திருத்திக் கட்டிய சாய்தளத்துக்கு ஒப்பந்ததாரரிடம் பணம் கொடுக்கும் முன், குறையைக் கண்டுபிடித்த அதே இளைஞர் ரசமட்டத்துடன் வந்து பார்த்துக் கையொப்பமிடட்டும்.