குடத்துக்கு மடி, எனக்குக் கம்பி

போன வாரம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள், அதில் அப்பா படம். இறந்து ஆறு வருஷம் ஆகியும் ஊர் மறக்கவில்லை, சந்தோஷம்தான். ஆனால் படத்துக்குக் கீழே 'கலைக்காகவே வாழ்ந்தவர், கலைக்காக எல்லாவற்றையும் தியாகம் செய்தவர்' என்று போட்டிருந்தது. அந்த இரண்டாவது பாதியோடுதான் ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே கொட்டிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி கதையை ஓர் அடி சொல்லி நிறுத்தினால், வில்லோடு சேர்த்துக் கட்டிய குடத்தின் வாயில் மட்டையால் ஒரு போடு போட்டு 'ஆமா' என்பார். அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரிப் பக்கமெல்லாம் அந்த 'ஆமா'வுக்கென்றே ஆள் இருந்தது. சுடலைமாடன் கதையில் மயானக் காட்சி வரும்போது அந்தக் குடத்திலிருந்து எழும்புகிற சத்தத்தில் சாமியாடிகள் பந்தலுக்கு வெளியே நின்றே ஆடத் தொடங்கிவிடுவார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, சின்ன வயதில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, வீட்டில் என்ன நடந்தது? கொடைகள் சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி என்று வரும், பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி. ஆடியை விட்டால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் அதே மாசங்களில்தான். பங்குனி உத்திரத்துக்கு ஊரே வேன் பிடித்துக் குடும்பத்தோடு அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போகும், பானையும் சட்டியும் பாயுமாக. நாங்கள் அம்மாவோடு போவோம். அப்பா யாரோ ஒரு குடும்பத்துச் சாஸ்தாவுக்கு முன்னால் உட்கார்ந்து குடம் அடித்துக்கொண்டிருப்பார். எங்கள் சாஸ்தாவுக்கு அவர் பொங்கல் வைத்து நான் பார்த்ததே இல்லை.

அக்கா சடங்கு ஒரு புதன்கிழமை. செவ்வாய் ராத்திரி சாமக்கொடை முடித்து விடியற்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர், பந்தி முடிந்து எச்சில் இலையை அள்ளிக்கொண்டிருக்கும்போது வந்தார். பஸ்ஸை விட்டுவிட்டாராம். மாமா சீர் செய்து, ஆசீர்வாதம் எல்லாம் முடிந்துவிட்டது. ஆல்பத்தில் எந்தப் பக்கத்திலும் அப்பா கிடையாது.

இன்னொன்று. லீவு நாளில் சில கொடைகளுக்கு என்னையும் கூட்டிப்போவார். பஸ்ஸில் ஒரே ஒரு இடம் கிடைக்கும். அப்பா உட்காருவார், சாக்கில் சுற்றிய குடம் அவர் மடியில் இருக்கும், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கண்டக்டர் ஒருத்தர் ஒருநாள் 'ஓய், பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு அதக் கீழ வையும்' என்று சொல்லிப் பார்த்தார். அப்பா சிரித்தார், வைக்கவில்லை. குடத்தில் கீறல் விழுந்தால் நாதம் போய்விடும், நியாயம்தான். எனக்கு அப்போது எட்டு வயது, அந்த நியாயம் பிடிபடவில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடம் பரணில் ஏறிவிடும். அப்போதும் அடுப்பு எரிந்தது என்றால் அது அம்மா சுற்றிய பீடி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. முந்தின ராத்திரியே இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, காலையில் வெட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகும் ஓடும். கடையில் எண்ணிப் பார்த்து இது சரியில்லை, அது சரியில்லை என்று ஒரு கை கழித்துப்போடுவார்கள், அதை ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டும். இப்போது சொல்லுங்கள், அந்த ஃப்ளெக்ஸில் எழுதியிருக்கிற தியாகம் யாருடைய கணக்கில் வரும்? அப்பா கலையை அனுபவித்தார் என்று எழுதுங்கள், முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன். தியாகம் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொல்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற ஆள் பக்கமாக.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் கடையம், பாரதியின் செல்லம்மா பிறந்த ஊர். புதுச்சேரியை விட்டு வந்த பிறகு 1918-லிருந்து 1920 வரை பாரதி அங்கேதான் இருந்தார். சமையலுக்கு இருந்த அரிசியைக் குருவிக்கு இறைத்துவிட்டுப் பாடினார் என்ற கதையை நாம் எத்தனை மேடையில் உருகி உருகிச் சொல்லியிருப்போம்! அன்றைக்கு அடுப்பங்கரையில் வெறும் பானையோடு நின்றவரை யாராவது பாடினோமா? பாரதி 1921-ல் இறந்த பிறகு பாரதி ஆச்ரமம் என்று ஒன்றைத் தொடங்கி அந்தப் பாட்டுகளை அச்சுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் அதே செல்லம்மாதான். புதுமைப்பித்தன் சினிமா வேலையாகப் புனே வரைக்கும் போய், காசநோயோடு திரும்பி, 1948-ல் திருவனந்தபுரத்தில் 42 வயதில் இறந்தார். அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்து அழாதவர் குறைவு. அந்தக் கமலாவும் சிறுகதை எழுதியவர் என்று சொன்னால் பாதிப் பேர் 'அப்படியா?' என்கிறார்கள்.

உடனே சிலர் வருவார்கள், 'அதான் சொல்லுதோம், குடும்பம்தான் முக்கியம், கதை கவிதையெல்லாம் சோறு போடுமா' என்று. அவர்களோடு எனக்கு இதைவிடப் பெரிய சண்டை இருக்கிறது. விடிய விடியப் பந்தலில் உட்கார்ந்து ஓசியில் வில்லுப்பாட்டு கேட்டவர்கள்தான் எனக்குப் பெண் கேட்டுப் போனபோது 'வில்லடிக்காரன் மகனுக்கா?' என்றார்கள். கலை வேண்டும், கலைஞன் மட்டும் அடுத்த வீட்டில் பிறக்க வேண்டும். இப்போது பெண்களே தலைமைப் பாட்டுப் பாடுகிற குழுக்கள் நிறைய வந்துவிட்டன, அவர்களைப் பார்த்ததும் முதல் கேள்வி 'பிள்ளைய யாரு பாத்துக்கிடுதா?' எங்கள் அப்பாவிடம் அந்தக் கேள்வியை ஒரு ஊரும் கேட்டதில்லை.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். பகலில் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரி கதை எழுதுகிறேன். அப்பா மாதிரி இருக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தவன்தான். போன மாசம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். துணைக்குப் போன நான் வராந்தாவில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன், மூன்று மாசமாக வராத முடிவு அன்றைக்கென்று வந்துகொண்டிருந்தது. உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. மாமியார் ஒரு கண்ணில் கட்டோடு சுவரைத் தடவிக்கொண்டு அவர்களாகவே வெளியே வந்து நின்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி சத்தம் போடவில்லை. 'நீங்களும் குடத்தத்தான் மடியில வச்சிருக்கீங்க' என்று மட்டும் சொன்னாள். பஸ் கதையை அவளிடம் சொன்னது நான்தான், பெரிய இவன் மாதிரி.

எழுதுவதை விட்டுவிடப் போகிறேனா? இல்லை. விட்டால் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன், அதையும் முயன்று பார்த்தாயிற்று. இப்போது ஒன்று செய்கிறேன். எழுத உட்காரும்போது 'எழுதணும், ரெண்டு மணி நேரம் நீ பாத்துக்கோ' என்று வாய்விட்டுக் கேட்கிறேன். சில நாள் 'முடியாது' என்று பதில் வருகிறது. கடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்காமல் எடுத்துக்கொண்டு பிறகு அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பதற்கு இது தேவலை.

கொடை அன்றைக்கு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று, 'ஏல, உங்கப்பா படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்கு?' என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'ஆமா' என்றாள்.

ஒத்துக்கொண்டு சொன்னாளா, அல்லது அண்ணாவி நிறுத்துகிற இடத்தில் போடுகிற அந்த 'ஆமா'வா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.