பத்திரப்படுத்த யாருக்கும் தோன்றாத கார்கள்

போன வாரம் வீட்டு ஆல்பங்களை எல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு ஒரே ஒரு படத்தைத் தேடினேன். அப்பா ஓட்டிய பியட் 1100. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கல்லூரிக் காலம்வரை வாசலில் நின்ற கார். முழுக் காரும் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. அக்காவின் பிறந்தநாள் படத்தில் ஓரமாகப் பின் பம்பர் கொஞ்சம் தெரிகிறது. இன்னொன்றில் சித்தப்பா பானட்டில் சாய்ந்து நிற்கிறார். சித்தப்பா முழுசாக இருக்கிறார், கார் பாதிதான் இருக்கிறது. நாய்க்குட்டிக்குக்கூடத் தனியாக மூன்று படம் எடுத்திருக்கிறோம். காருக்கு எடுக்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "அதை எதுக்குடா போட்டோ எடுக்கணும், அதுதான் வாசல்லயே நின்னுச்சே" என்றார்.

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது. ஒரு காலத்தில் எங்கே திரும்பினாலும் நின்ற கார்கள் எப்படி இப்படித் துடைத்துவைத்தாற்போலக் காணாமல் போயின என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தக் காரைக் காலையில் எழுப்புவதே தனி வேலை. டேஷ்போர்டில் சோக் குமிழ் இருக்கும். குளிர்ந்து கிடக்கிற இன்ஜினுக்குக் காற்று குறைவாகவும் பெட்ரோல் கூடுதலாகவும் வேண்டும். சோக்கை இழுத்தால் கார்புரேட்டர் அந்தக் கலவையைக் கொடுக்கும். அப்பா முழுக்க இழுத்துவிட்டு செல்ஃப் அடிப்பார். முதல் தடவை இருமிவிட்டு நின்றுவிடும். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் சோக்கை ஒரேயடியாக உள்ளே தள்ளக் கூடாது, ஆஃப் ஆகிவிடும். இழுத்தபடியே விட்டாலும் ஆகாது, பிளக் கரி பிடித்துவிடும், பெட்ரோல் வாடை வீட்டுக்குள்வரை வரும். சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அப்பா தலையை லேசாக இடதுபக்கம் சாய்த்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்பார். பின்னாளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது, சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புகிறது. புகையும் குறைந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அப்பா அப்படித் தலையைச் சாய்த்து நின்று நான் பிறகு பார்க்கவில்லை.

இன்னொன்று அந்த முக்கோணக் கண்ணாடி. முன் கதவுக் கண்ணாடிக்கு முன்னால், தனிக் கொக்கியோடு இருக்கும். கொக்கியை விடுவித்துத் திருப்பினால் ஓடுகிற வேகத்துக்குக் காற்றை வாரி நேராக முகத்தில் அடிக்கும். ஏசி இல்லாத நாட்களில் உலகம் முழுக்கக் கார்களில் இது இருந்தது. 1964-ல் பிரிட்டனில் ஃபோர்டு கார்ட்டினாவுக்கு 'ஏரோஃப்ளோ' என்றொரு ஏற்பாடு வந்தது. டேஷ்போர்டு வழியாகக் காற்று நுழைந்து பின்பக்கமாக வெளியேறும். பிறகு ஒவ்வொரு கம்பெனியும் முக்கோணத்தைக் கைவிட்டது. அந்தக் கார்ட்டினா 1970களில் பிரிட்டனில் அதிகமாக விற்ற கார். 1982-ல் நிறுத்தினார்கள். அங்கேயும் இன்று சாலையில் ஒன்றைப் பார்த்தால் ஆட்கள் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அபூர்வமான கார் அழிவதில்லை. எல்லாரிடமும் இருந்த கார்தான் அழிகிறது.

ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36 கார்கள்தான் செய்தார்கள், 1962-லிருந்து 1964-க்குள். ஒவ்வொன்றும் இன்று யார் கையில் இருக்கிறது என்று கணக்கு இருக்கிறது. மோரிஸ் மரீனா என்று ஒரு பிரிட்டிஷ் கார், 1971 முதல் 1980 வரை வந்தது. எட்டு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆசிரியர்கள், எலெக்ட்ரீஷியன்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் ஓட்டிய வண்டி. இன்று பிரிட்டன் சாலைகளில் ஓடுவது சில நூறு. அந்தச் சில நூறிலும் ஒன்றிரண்டை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மேலிருந்து பியானோவைப் போட்டு நசுக்கிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அதே மோரிஸ் கம்பெனியின் மைனர் கார் மட்டும் தப்பித்தது. 1948-ல் வந்தது, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது, பதினாறு லட்சம் விற்றது. இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது, உதிரி பாகங்கள் புதிதாகவே செய்து விற்கிறார்கள். காரணம், மைனரைப் பார்த்தால் ஒரு பிரியம் வரும். உருண்டை முகம், உருண்டை விளக்கு. அதற்கு அடுத்து வந்த மரீனாவை யாரும் வெறுக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. ஓட்டினார்கள், பழசானது, கொடுத்துவிட்டார்கள். அழகாக இருந்ததைக் காப்பாற்றி, உழைத்ததை மட்டும் கைவிட்டோம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு காருக்கு எந்த வயது ஆபத்து என்று பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். புதிதாக இருக்கும்போது மதிப்பு இருக்கிறது. ஐம்பது வயதானால் மறுபடி மதிப்பு வந்துவிடுகிறது. ஜெர்மனியில் முப்பது வருடம் தாண்டி நல்ல நிலையில் இருந்தால் எண்ணுக்குப் பின்னால் 'எச்' எழுத்தோடு தனிப் பலகை கொடுக்கிறார்கள். பிரிட்டனில் நாற்பது வருடமானால் சாலை வரி இல்லை. ஆனால் பதினைந்துக்கும் முப்பதுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த வயதில் அது பழம்பெரும் கார் அல்ல, வெறும் பழைய கார். நாலு டயர் மாற்றுகிற செலவு காரின் விலையைவிட அதிகமாகிவிடும். டிங்கரிங் செய்து பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டால் மெக்கானிக்கே "வேண்டாம் சார், பணத்தைக் கொட்டாதீங்க" என்பார். அவர் சொல்வது கணக்குப்படி சரி. அந்தச் சரியான கணக்கில்தான் லட்சக்கணக்கான கார்கள் காயலான் கடைக்குப் போயின.

துரு இந்தப் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கியது. பழைய காலத்தில் சேஸிஸ் தனியாக இருக்கும், அதன்மேல் பாடியை உட்கார வைத்திருப்பார்கள். பாடி துருப்பிடித்தாலும் அடியில் சேஸிஸ் தாங்கும். பிறகு பாடியே எடையைத் தாங்குகிற மோனோகாக் முறை வந்தது. அதில் தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடுகிற பட்டையும் அரித்துவிட்டால் காரின் முதுகெலும்பே போன மாதிரி. பனியைக் கரைக்கச் சாலையில் உப்புப் போடுகிற நாடுகளில் பத்து வருடம்கூடத் தாங்காமல் ஓட்டை விழுந்தது. அமெரிக்காவில் 1970-ல் வந்த செவ்ரலே வேகா இருபது லட்சம்போல விற்றது. அதன் முன் மட்கார்டுகள் ஓரிரு வருடத்திலேயே அரித்தன.

இதற்கு நேர் எதிர் டிராபண்ட். கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரத் தொழிற்சாலையில் 1957 முதல் 1991 வரை முப்பது லட்சம் கார்கள். தகரம் தட்டுப்பாடு என்பதால் பருத்திக் கழிவையும் பிசினையும் அழுத்திச் செய்த டியூரோபிளாஸ்ட்டில் வெளிப்பாடி. ஸ்கூட்டர் மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 26 குதிரைத்திறன். நெடுங்காலம் பெட்ரோல் முள்கூட அதில் கிடையாது. பானட்டைத் திறந்து டேங்குக்குள் அளவுகோலை விட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் காருக்காகப் பத்து வருடத்துக்கும் மேல் வரிசையில் காத்திருந்தார்கள். கையில் இருந்த பழைய டிராபண்ட், புதியதைவிட அதிக விலைக்குப் போனது, ஏனென்றால் அது உடனே கிடைக்கும். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தபோது ஜனங்கள் அந்தக் காரில்தான் எல்லையைத் தாண்டினார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் அதையே தெருவோரம் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வெளிப்பாடி துருப்பிடிக்காது என்பதால் அதை ஒழித்துக்கட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை வருடம் வேறு வழியில்லாமல் அதை ஓட்டியவர்களுக்குப் புதுக் கார் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் நடந்ததும் இதுதான். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1957-ல் தொடங்கி 2014 வரை அம்பாசிடர் வந்துகொண்டே இருந்தது, அந்த உருவம் பெரிதாக மாறவே இல்லை. மும்பையின் கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்சிகளில் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபரில். இருபது வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் அவை ஓடவில்லை. மாருதி 800 இன்னும் வருத்தம். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி தன் கையால் சாவி கொடுத்த முதல் காரே, உரிமையாளர் காலமான பிறகு டெல்லியில் வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் வீணாகிக் கிடந்தது. படங்கள் பரவிய பிறகுதான் கம்பெனி எடுத்துச் சீர் செய்து தன் அலுவலகத்தில் வைத்தது. முதல் காருக்கே அந்தக் கதி என்றால், பின்னால் வந்த இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைப் பற்றி என்ன சொல்ல?

தானாக அழிந்தவை ஒரு பக்கம். திட்டம் போட்டு அழித்தவை இன்னொரு பக்கம். 2009-ல் பொருளாதாரம் படுத்திருந்தபோது அமெரிக்காவில் பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்கினால் அரசு பணம் தந்தது. இரண்டே மாதத்தில் 6,77,000 வண்டிகள்போல வந்தன. அவை திரும்ப ஓடிவிடக் கூடாது என்பதற்காக இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றினார்கள். பிறகு இன்ஜினை ஓட விடுவார்கள். சூட்டில் அந்தக் கரைசல் கண்ணாடி மாதிரி இறுகி, பேரிங்குகளைக் கவ்வி, கொஞ்ச நேரத்தில் இன்ஜின் ஒரு முனகலோடு நின்றுவிடும். அதைக் காட்டும் காணொளிகள் இருக்கின்றன. ஒன்றைத்தான் என்னால் கடைசிவரை பார்க்க முடிந்தது. ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அது. அதே வருடம் ஜெர்மனியில் ஆளுக்கு 2,500 யூரோ கொடுத்து ஏறக்குறைய இருபது லட்சம் பழைய கார்களை வாங்கி ஒழித்தார்கள். புகை குறைய வேண்டும், விபத்தில் உயிர் பிழைக்க வேண்டும், இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். பழைய கார்களில் ஏர்பேக் இல்லை, நிறைய கார்களில் பின் சீட்டில் பெல்ட்டே இல்லை. எல்லாவற்றையும் ஓட விடுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு வகைக்குப் பத்து கார்களையாவது தனியே எடுத்து வைத்திருக்கலாம் என்றுதான் கேட்கிறேன். லட்சத்தில் பத்து.

கியூபாவைப் பாருங்கள். 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கக் கார்கள் வருவது நின்றுபோனது. இருந்த செவ்ரலேக்களையும் பியூக்குகளையும் விட வழியில்லை. டீசல் இன்ஜின் மாற்றி, பாகங்களைக் கையாலேயே செய்து, அறுபது வருடத்துக்கும் மேலாக ஓட்டுகிறார்கள். அவையும் ஒரு காலத்தில் சாதாரணக் கார்கள்தான். கை வைத்துக்கொண்டே இருந்தால் காரும் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் இப்போது ஓடுகிற கார்களுக்கு அந்த வழியும் அடைபடுகிறது. கார்புரேட்டரைக் கழற்றி மேஜையில் வைத்துத் துடைக்கலாம். இன்ஜினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட் செத்து, கம்பெனியும் அதைச் செய்வதை நிறுத்திவிட்டால் எந்த மெக்கானிக் என்ன செய்வார்?

அப்பாவின் காரை விற்கச் சொன்னது நான்தான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் வீடுகளில் புதுக் கார்கள் வந்துவிட்டன. எங்கள் காரில் முன் சீட் ஒரே நீள பெஞ்ச், கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே. சின்ன வயதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து போன அதே சீட்டில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் செல்ஃப் எடுக்கவில்லை, தெருவில் தள்ளினோம். அன்று ராத்திரி "இதை எடைக்குப் போட்டுடலாம்பா" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆள் வந்தார். கிளப்பிக்கொண்டு போகவில்லை, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். முக்கோணக் கண்ணாடி திறந்தே இருந்தது. அப்பா பின்னாலேயே நாலு எட்டு நடந்து போய், அதை மூடிக் கொக்கியைப் போட்டுவிட்டு வந்தார்.

எடைக்குப் போகிற காருக்கு எதற்குக் கண்ணாடியை மூடினார் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

இப்போது சாலையில் போகும்போது சாதாரணக் கார்களை நிறுத்திப் படம் எடுக்கிறேன். பத்து, பதினைந்து வயதான வெள்ளை, வெள்ளி நிற ஹாட்ச்பேக்குகள், நசுங்கிய கதவோடு நிற்பவை. முன்பக்கம், பக்கவாட்டு, டேஷ்போர்டு. உரிமையாளர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். சொன்னால் சிலர் கதவைத் திறந்து உள்ளே உட்காரவும் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டு ஆல்பத்திலும் ஒரு கார் இருக்கும். பிறந்தநாள் படத்துக்குப் பின்னால், யாரோ சாய்ந்து நிற்கிற இடத்தில். என்ன கார், யார் ஓட்டினார்கள், எப்படிப் போனது என்று எழுதி, அந்தப் படத்தைக் கீழே போடுங்கள். பம்பர் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை.