அத்தானின் சின்னப் பிஸ்டல்

காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது அத்தான் கார்த் திறப்பைத் தேடுவார், மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். பிஸ்டலை மட்டும் தேட மாட்டார். அது கட்டிலுக்குப் பக்கத்தில் பூட்டுப்பெட்டியில் இருக்கும். எடுத்து, உறையோடு காற்சட்டைக்குள் வயிற்றுப் பக்கமாகச் சொருகி, சேர்ட்டை வெளியே இழுத்துவிட்டு, ஒருதரம் குனிந்து நிமிர்வார். "தெரியுதோ தம்பி?" என்று கேட்பார். தெரியாது. அவ்வளவு சின்னன்.

இது நடந்தது அமெரிக்காவில், ரெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில். மருமகளின் கலியாணத்துக்குப் போய் ஆறு கிழமை அக்கா வீட்டில் நின்றேன். நான் திருகோணமலையில் படகில் பூட்டும் அவுட்போர்ட் எஞ்சின் திருத்துகிறவன். துவக்கைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். துவக்கு சுட்ட தகுதி இல்லை. ஸ்பிரிங், பின், உப்பு, துரு, இவைகளோடு முப்பது வருஷம் கிடந்த தகுதிதான். பட்டறையில் வேலை பழகும் இரண்டு பொடியன்கள் பிஸ்டலில் குளொக் நல்லதா, சிக் நல்லதா என்று தேத்தண்ணி நேரம் முழுக்கச் சண்டை பிடிக்கிறார்கள். இரண்டு பேருமே பிஸ்டலைப் போனில் தவிர வேறெங்கும் கண்டதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அத்தான் சேர்ட்டை இழுத்துவிடும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்கும். யுத்த காலத்தில் இங்கே சேர்ட்டுக்குள் ஒரு புடைப்புத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது என் வயதுக்காரருக்குத் தெரியும். ஒருமுறை பிளக் கழற்றும் ஸ்பனரைச் சாரத்து மடிப்பில் சொருகிக்கொண்டு சைக்கிளில் வந்தேன். சோதனைச்சாவடியில் இறக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வைத்து, ஒருவன் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்க, மற்றவன் இரண்டு விரலால் அதை உருவி எடுத்தான். ஸ்பனர் என்று கண்ட பிறகும் அரை மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்தார்கள். அன்றிலிருந்து இடுப்பில் எதையும் சொருகுவதில்லை, வெற்றிலைப் பையைக்கூட.

ரெக்சஸில் 2021 செப்டெம்பர் 1 முதல், 21 வயது கடந்த, சட்டத்தில் தடை இல்லாத ஒருவர் உரிமம் எடுக்காமலே பிஸ்டல் கொண்டு திரியலாம். கனடாவில் இருக்கும் எங்கள் சனத்துக்கு இதை நம்பவே கஷ்டம். அங்கே 2022 ஒக்டோபர் 21 முதல் சாதாரண ஆட்கள் கைத்துப்பாக்கி வாங்குவது, விற்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. அத்தான் ஒரு பெற்றோல் நிலையமும் கடையும் நடத்துகிறார், இரவு பன்னிரண்டு மணிக்குக் காசை எண்ணிக்கொண்டு தனியே வருகிறார். அவருடைய பயத்தை நான் பழிக்கவில்லை. அவருடைய நம்பிக்கைதான் எனக்கு இடிக்கிறது. "உது சின்னதெண்டாலும் பெரிய சாமான் செய்யிற வேலையைச் செய்யும்" என்கிறார். செய்யும்தான். ஆனால் பெரிய சாமான் மன்னிக்கிற பிழையை இது மன்னிக்காது.

ஒரு சனிக்கிழமை சுடும் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். விசிட் விசாவில் போனவன் அங்கே துவக்கைக் கையில் எடுப்பதே சட்டச் சிக்கல். வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு ஏதாவது இருக்க வேண்டும். என்னிடம் எதுவும் இல்லை. ஆகவே கண்ணாடிக்குப் பின்னால், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, கைகட்டிப் பார்த்தேன். ஒரு எஞ்சின்காரனைக் கைகட்டிப் பார்க்க வைப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா?

அத்தான் முதலில் பெரிய பிஸ்டல் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுட்டார். ஏழு யார் தூரம். பத்து ரவையும் ஒரு தேத்தண்ணிச் சோசருக்குள் விழுந்தன. பிறகு இடுப்பிலிருந்த தன் சின்னதை எடுத்தார். இப்போது ஓட்டைகள் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குப் பரவி, எல்லாம் இடது பக்கம் கீழே சரிந்திருந்தன. "உந்தக் குறி பிழை, கடைக்காரனிட்டைக் குடுத்துத் திருத்த வேணும்" என்றார். பயிற்றுவிக்கும் அம்மா, தலை முழுக்க நரைத்தவர், ஒன்றும் சொல்லாமல் அதே பிஸ்டலை வாங்கி ஐந்து ரவை சுட்டார். ஐந்து ஓட்டையையும் ஒரு உள்ளங்கையால் மூடலாம்.

சின்னப் பிஸ்டல் குறி தவறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குழல் கட்டையானதால் ரவை கோணலாகப் போவதில்லை. அசையாமல் இறுக்கிக் கட்டிச் சுட்டால் சின்னதும் பெரியதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் அடிக்கும், வேகம் மட்டும் கொஞ்சம் குறையும். வித்தியாசம் குறி பார்க்கிற இடத்தில் வருகிறது. குளொக் 17 போன்ற முழு அளவுப் பிஸ்டலில், குறி பார்க்க மேலே வைத்திருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 165 மில்லிமீற்றர். சின்னதில் 130 அளவில் வைத்துக்கொள்ளுங்கள். குறி ஒரே ஒரு மில்லிமீற்றர் விலகினால் பத்து மீற்றரில் பெரியது ஆறு சென்ரிமீற்றர் தள்ளி அடிக்கும், சின்னது கிட்டத்தட்ட எட்டு. நீட்டுக் கோலால் நேர் பார்ப்பதற்கும் தீப்பெட்டியால் நேர் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அதைவிடப் பெரிய காரணம் விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் கொக்கி. பிஸ்டலின் பாரம் அரைக் கிலோ. விசையை இழுக்க வேண்டிய பலம் இரண்டரைக் கிலோ அளவு. பிஸ்டலின் பாரத்தைப் போல ஐந்து மடங்கு பலத்தை ஒரு விரல் அதன்மேல் போடுகிறது, சுண்டுவிரல் பிடிக்கக்கூட இடமில்லாத ஒரு பிடியில். வலக்கைக்காரர் அவசரத்தில் வெட்டி இழுத்தால் முனை இடது பக்கம் கீழே தாழும். அத்தானின் ஓட்டைகள் எங்கே இருந்தன என்று மேலே ஒருதரம் பாருங்கள்.

பிறகு அக்கா சுட்டா. இரண்டாவது ரவையிலேயே சிக்கிவிட்டது. வெற்றுக்கோது வெளியே போகாமல் ஸ்லைடின் (குழலுக்கு மேலே முன்னும் பின்னும் ஓடும் இரும்பு மூடி) வாயில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. எடுத்துவிட்டுத் திரும்பச் சுட, நாலாவதில் அதே கதை. "சாமான் சரியில்லை" என்று இந்த முறை அக்காவும் சொன்னா.

ஏன் சிக்குகிறது? ரவை வெடித்ததும் ஸ்லைடு பின்னுக்கு ஓடி, கோதை வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை அழுத்தி, திரும்பி முன்னுக்கு வரும்போது பிடிக்குள் இருக்கும் ரவைக்கூட்டிலிருந்து அடுத்த ரவையைத் தள்ளிக் குழலுக்குள் ஏற்ற வேண்டும். எல்லாம் கண் இமைக்கும் முன்னே. 9 மில்லிமீற்றர் ரவை, நூறு வருஷத்துக்கு முன் பெரிய இராணுவப் பிஸ்டலுக்கென்று வந்தது. அதே ரவையைத்தான் உள்ளங்கையில் அடங்கும் பிஸ்டலிலும் போடுகிறார்கள். ஸ்லைடின் பாரம் குறைவு, ஓடுகிற தூரமும் குறைவு. அதனால் வேகம் கூட. அந்த வேகத்தை அடக்கக் கடினமான ஸ்பிரிங் போடுகிறார்கள். ரவைக்கூட்டின் ஸ்பிரிங்கும் அந்த அவசரத்துக்குள் அடுத்த ரவையை மேலே தூக்கிவிட வேண்டும். பிடிக்கிற கை தளர்ந்து பிஸ்டலும் சேர்ந்து பின்னுக்குப் போனால் ஸ்லைடு தன் ஓட்டத்தை முடிக்காது. கோது நடுவழியில் மாட்டும். அக்காவின் கை அப்படித்தான் தளர்ந்திருந்தது. பெரிய பிஸ்டலிலும் இது நடக்கும், ஆனால் அதற்கு நிறையத் தளர வேண்டும்.

இதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. எட்டுக் குதிரைவலு எஞ்சினில் முழு வலை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் ஓடுகிறவனையும், நாற்பது குதிரையில் பாதி வேகத்தில் ஓடுகிறவனையும் தினம் பார்க்கிறேன். சின்ன எஞ்சின் கெட்ட எஞ்சின் இல்லை. அதற்கு ஒயில், ரிங், பிளக் எல்லாம் நேரத்துக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

2018இல் வந்த சிக் பி365ஐ என் பொடியன்கள் கும்பிடுகிறார்கள். 79 மில்லிமீற்றர் குழலோடு பத்து ரவைக் கூடு. உண்மையிலேயே கெட்டித்தனமான வேலை, அதற்கு முன் அந்த அளவில் ஆறேழு ரவைதான். ஆனால் புதுசாக வருகிற எதையும் முதல் வருஷத்திலேயே வாங்கக் கூடாது என்பது என் கொள்கை, எஞ்சினுக்கும் சரி. ரூகர் நிறுவனம் 2008இல் எல்சிபி என்ற சட்டைப்பைப் பிஸ்டலை இறக்கி, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று அதே ஆண்டே திரும்பக் கேட்டது. குறை சொல்லவில்லை, தாங்களே திரும்பக் கேட்டார்கள் என்பது நல்ல விஷயம்.

"அப்ப ரிவோல்வர் வைச்சிருக்கலாமே" என்று ஒரு பொடியன் கேட்டான். நல்ல கேள்வி. ரிவோல்வரில் ஸ்லைடு ஓடும் கதை இல்லை. ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசையை இன்னொருதரம் இழுக்க அடுத்தது வரும். ஆனால் ஐந்து அல்லது ஆறு ரவை, இன்னும் கடினமான விசை. எங்கள் நாட்டில் அதை எப்படி ஒளிக்கிறார்கள் என்று 2025 பெப்ரவரி 19இல் கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள் ஒருவரைச் சுட்டுக் கொன்றபோது கண்டோம், சட்டப் புத்தகத்தின் உள்ளே குடைந்து. அதற்கு மூன்று மாதம் முன்னர்தான், 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கு உரிமத்தோடு கொடுத்த துப்பாக்கிகளையே பாதுகாப்பு அமைச்சு திரும்ப ஒப்படைக்கச் சொல்லியிருந்தது. 1916இன் துப்பாக்கிச் சட்டம் இன்னும் இருக்கிறது, வருஷாவருஷம் உரிமம் புதுப்பிக்க வேண்டும். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் பன்றிக்கும் யானைக்கும் பயந்து வயல் காக்கிறவன் ஒரு வேட்டைத் துவக்குக்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆகவே பொடியன்களே, உங்கள் சண்டை வெறும் சண்டைதான். இந்த ஊரில் நீங்கள் அதை வாங்கப் போவதில்லை. வாங்கக் கூடாது என்பதும் என் விருப்பம்.

அத்தானுக்கு நான் சொன்ன கதை வேறு. நியூயோர்க் பொலிஸைப் பற்றி ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை, எதிரி திருப்பிச் சுட்ட சண்டைகளில் பொலிஸ்காரர்களின் நூறு ரவையில் 18தான் ஆளில் பட்டன. பயிற்சி எடுத்தவர்கள், பெரும்பாலும் பெரிய பிஸ்டல் கட்டியவர்கள். மிச்சம் 82 ரவையும் எங்கேயோ போய்த்தான் விழுந்திருக்கும். அத்தான் வருஷத்தில் இரண்டு தரம் கடதாசிக்குச் சுடுகிறார். அவர் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து, ரவையெல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, பிஸ்டலைக் கழற்றினார். நான் தொடவில்லை, விரலால் காட்டினேன். ரவைக்கூட்டின் அடியில் சேர்ட்டுப் பஞ்சு ஒயிலோடு சேர்ந்து கறுப்புக் களியாக இருந்தது, மண்ணெண்ணெய்க் காபிரேட்டரின் அடியில் கிடக்கிற மாதிரியே. ஸ்லைடின் ஓரத்தில் வியர்வை பட்ட பக்கம் மட்டும் செம்மண் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. மூன்று வருஷமாக வயிற்று வியர்வையில் கிடந்த சாமான். ரவையை மற்ற அறைக்குக் கொண்டுபோகுமுன் ஒன்றைக் கண்டேன்: கூட்டின் மேல் ரவையைத் தினமும் ஏற்றி இறக்கி, அதன் மூக்கு உள்ளே அமுங்கியிருந்தது. அதை எடுத்து எறியச் சொன்னேன். எறிந்தார். ஸ்பிரிங் எத்தனை ரவைக்கு ஒருதரம் மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் பார்க்கச் சொன்னேன். புத்தகம் உறை பிரிக்காமல் பெட்டிக்குள் இருந்தது.

புது ஸ்பிரிங்குக்கு அன்றே ஓடர் போட்டார். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கதைக்கும்போது மாற்றியாயிற்றா என்று கேட்டேன். வந்துவிட்டதாம். கடை லாச்சிக்குள் இருக்கிறதாம், நேரம் கிடைக்கவில்லையாம்.

"அப்ப இடுப்பிலை?"

"இருக்குது தம்பி, அது எப்பவும் இருக்கும்" என்றார்.