வீலைத் திறந்து பார்க்காம கஸ்டமருக்குக் குடுக்காதீங்க

திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கும் பைத்தான்ல சாஃப்ட்வேர் எழுதற கோயமுத்தூர்ப் பசங்களுக்கு ஒண்ணு சொல்லோணுமுங்க. கஸ்டமர் மெஷின்ல ஏத்தறதுக்குக் கோடையெல்லாம் ஒண்ணாக் கட்டின ஃபைலுக்குத்தான் வீல்னு பேரு. அதுல எதெல்லாம் போகோணும்னு சொல்ற செட்டப் ஃபைல்ல (setup.py) பேக்கேஜ் பேரையெல்லாம், அதாவது கோடு இருக்கற ஃபோல்டர் பேரையெல்லாம், கையால எழுதறதை விட்டுருங்க.

'பனியன்'னு ஒரு பேக்கேஜ், அதுக்குள்ள 'சாயம்', அதுக்குள்ள 'ரெசிபி'ன்னு வெச்சுக்குவோம். பட்டியல்ல 'பனியன்' மட்டும் எழுதினா, வீலைக் கட்டற செட்டப்டூல்ஸ் அந்த ஃபோல்டர்ல நேரா கிடக்கற பைத்தான் ஃபைலை மட்டுந்தான் எடுக்கும். உள்ள இறங்காது. சாயம், ரெசிபி ரெண்டையும் டாட் போட்ட முழுப்பேரோட தனித்தனியா சொல்லோணும். சொல்லாட்டியும் பில்டு, அதாவது வீல் கட்டற வேலை, சத்தமில்லாம முடிஞ்சுரும். கஸ்டமர் மெஷின்லதான் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்'னு வந்து நிக்கும்.

கையால எழுதற பட்டியலுக்குப் பதிலா செட்டப்டூல்ஸோட ஃபைண்ட் பேக்கேஜஸ் (find_packages) போட்டா தானா தேடிக்கும். ஆனா சாயம் ஃபோல்டர்ல, 'இது பேக்கேஜ்'னு அடையாளம் சொல்ற இனிட் ஃபைல் (__init__.py) இல்லீன்னா அங்கேயே திரும்பிரும். ரெசிபில இனிட் இருந்தும் புண்ணியமில்லை. பைத்தான் 3.3-ல இருந்து இனிட் இல்லாத ஃபோல்டரையும் இம்போர்ட் பண்ணலாம்கறதால, நம்ம மெஷின்ல எல்லாம் ஓடும். குழப்பமே இங்கதான். காலியாவாவது ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு இனிட் வெச்சுருங்க. இதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கற ஃபைண்ட் நேம்ஸ்பேஸ் பேக்கேஜஸ் (find_namespace_packages) இனிட் கேக்காது, ஆனா டெஸ்ட், டாக்ஸ்னு கண்டதையும் அள்ளிக்கும். கோடெல்லாம் எஸ்ஆர்சி (src) ஃபோல்டருக்குள்ள இருந்து, தேடற இடத்தையும் பேக்கேஜ் டைரக்டரியையும் அதுக்கே காட்டினா மட்டும் அதைப் போடுங்க.

வேண்டாததை ஒதுக்கற எக்ஸ்க்ளூடுல 'டெஸ்ட்ஸ்' மட்டும் போட்டா டெஸ்ட்ஸுக்குள்ள இருக்கற சப் பேக்கேஜ் ஒதுங்காது, வீல்ல வந்துரும். 'டெஸ்ட்ஸ் டாட் ஸ்டார்'னு இன்னொண்ணும் வேணும். ஜேசன், டெம்ப்ளேட் மாதிரி பைத்தான் அல்லாத ஃபைலுக்கு 'பேக்கேஜ் டேட்டா'ன்னு தனியா எழுதோணும்.

எடிட்டபிள் இன்ஸ்டால்ல (pip install -e) ஓடுதுன்னு நம்பவே கூடாது. அது சோர்ஸ் ஃபோல்டரையே காட்டுது, வீல்ல என்ன விட்டுப்போச்சுன்னு அதுல தெரியாது. லோடு ஏத்தறப்ப டிசியை (டெலிவரி சலான்) வெச்சு பண்டல் எண்ற மாதிரி வீலைத் திறந்து பாருங்க. வீல்ங்கறது வெறும் ஜிப்தான், பைத்தானோட ஜிப்ஃபைல் மாட்யூலே உள்ள இருக்கற பட்டியலைக் காட்டும். அப்பறம் புது வென்வ் (பைத்தானுக்குத் தனியா ஒரு காலி இடம்) போட்டு, அதுல வீலை இன்ஸ்டால் பண்ணி, ப்ராஜெக்ட் ஃபோல்டரை விட்டு வெளிய போய் இம்போர்ட் பண்ணோணும். உள்ளேயே நின்னு பண்ணினா பைத்தான் பக்கத்துல இருக்கற சோர்ஸைத்தான் எடுக்கும்.

2022-ல வந்த செட்டப்டூல்ஸ் 61-ல இருந்து, செட்டப் ஃபைலுக்குப் பதிலா பைப்ராஜெக்ட் டாம்ல்லயே (pyproject.toml) இதையெல்லாம் எழுதலாம். மேல்மட்டத்துல ரெண்டு பேக்கேஜ் ஃபோல்டர் கிடந்து, எது வேணும்னு நீங்க சொல்லாட்டி, செட்டப்டூல்ஸ் எரர் போட்டு நின்னுரும். எனக்கு அது ரொம்பப் புடிச்ச எரர்.

ரெசிபியை அழிச்ச பின்னாடியும் வீல்ல அது வந்துட்டே இருந்தா பழைய பில்டு ஃபோல்டர்தான் காரணம். அதை அழிச்சுட்டு மறுபடி பில்டு போடுங்க.