ஐஎம்இஐ எண்ணின் 7, 8-வது இலக்கம் போனின் தரத்தைச் சொல்லுமா?

குறுவை அறுவடைக் காசு கைக்கு வரும் நேரம். கும்பகோணம், மன்னார்குடி பக்க வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பழைய செய்தி மறுபடியும் சுற்றுகிறது: “ஆன்லைனில் பழைய போன் வாங்குகிறீர்களா? ஐஎம்இஐ எண்ணில் 7, 8-வது இலக்கம் 00 என்றால் ஒரிஜினல், 02 என்றால் மட்டம், 13 என்றால் அஜர்பைஜான் தயாரிப்பு, உடம்புக்கு ஆபத்து.”

இது தவறு. ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண். ஒரு காலத்தில் அந்த இரண்டு இலக்கங்கள் போனின் பாகங்களைப் பொருத்தி முடித்த ஆலையைக் குறித்தன. தரத்தை அல்ல. அந்த முறையும் 2004-ஓடு போய்விட்டது. இப்போது முதல் 8 இலக்கங்கள் மாடலைக் குறிப்பவை, அடுத்த 6 வரிசை எண், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அஜர்பைஜான் கதையை யார் கட்டினார்களோ!

உண்மையில் பார்க்க வேண்டியது திருட்டுப் போனா என்பதைத்தான். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் திரையில் எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, 15 இலக்க எண் என 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். தடை செய்யப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண்ணையும் பாருங்கள்.

விற்பவர் “முதலில் ஜிபேயில் அட்வான்ஸ் போடுங்க, கொரியரில் அனுப்புறேன்” என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஏமாந்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கவும்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.