சரிநடு வசனம் அது அல்ல, சகோதரரே

ஸ்தோத்திரம் சகோதரரே. வேதாகமத்தின் சரிநடு வசனம் சங்கீதம் 118:8 ('மனுஷனை நம்புவதைப்பார்க்கிலும், கர்த்தர்பேரில் பற்றுதலாயிருப்பதே நலம்'), அந்தச் சங்கீதத்துக்கு முன்னும் பின்னும் 594 அதிகாரங்கள், ஆகவே மனிதரிடம் உதவி கேட்பதே அவிசுவாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாறசாலையில் எங்கள் வாலிபர் கூட்டத்திலும் இதே செய்தி சுற்றியது. ஒரு மழைநாளில் உட்கார்ந்து எண்ணியே பார்த்துவிட்டேன்.

நம் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். ஆதியாகமம் முதல் யோபு வரை 478; அதோடு 117ஐக் கூட்டினால் 595. ஆக, நடு அதிகாரம் சங்கீதம் 117. உங்கள் 594 அதற்குத்தான் பொருந்தும். 118க்கு முன்னால் 595, பின்னால் 593. பக்கத்து வீட்டு மலையாளக் கத்தோலிக்கரின் வேதாகமத்திலோ 73 புத்தகங்கள்! இன்றைய அதிகாரப் பிரிவுகளே 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயர் வகுத்தவை என்பார்கள். மனிதனை நம்பாதே என்பதற்கு மனிதன் போட்ட எண்ணா சாட்சி?

வசனத்தோடு எனக்குச் சண்டையில்லை. உங்கள் 'ஆகவே'யோடுதான். நெகேமியா 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதும் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார்; கையோடு ராஜாவிடமே எருசலேமைத் திரும்பக் கட்டப் போகும் பயணத்துக்கு அனுமதியும், தேசாதிபதிகளுக்குக் கடிதங்களும், வனக்காவலன் ஆசாப்பிடமிருந்து மரமும் கேட்டார். எல்லாம் கிடைத்ததும் அதைத் தேவனுடைய தயவுள்ள கரம் என்றே எழுதினார்.

திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போக பஸ் கட்டணம் கேட்டு நிற்கும் விதவைக்கு இந்தச் செய்தியை அனுப்பிவிடாதீர்கள். பதிவில் அந்த 594ஐயாவது திருத்திவிடுங்கள்.